வணிகக் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி: விதி என்ன சொல்கிறது, நாம் என்ன கேட்கலாம்?

துணிக்கடையின் மூன்றாம் மாடி. படிக்கட்டை ஒட்டிய சுவரில் உள்ளங்கை அளவில் ஒரு சிவப்புப் பெட்டி, அதன் முகப்பில் கண்ணாடி. தீயை முதலில் பார்ப்பவர் அந்தக் கண்ணாடியை உடைத்தால் கட்டடம் முழுவதும் மணி அலற வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைக் ‘கால் பாயின்ட்’ என்பார்கள். நான் போன கடையில் அதற்கு முன்னால் பட்டுச்சேலை கட்டிய ஆளுயரப் பொம்மை நின்றிருந்தது. அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் அது என்னவென்று கேட்டேன். “ஏதோ கரன்ட் பெட்டி சார்” என்றார். எட்டு மணி நேரம் அந்த மாடியில் நிற்பவர் அவர். அந்தப் பெட்டி யாருக்காக மாட்டப்பட்டதோ, அவருக்கே அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

எந்த விதியின் கீழ் அந்தப் பெட்டி அங்கே வந்தது என்று முதலில் பார்ப்போம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதி முழுவதும் தீ, உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. ஆனால் இந்தத் தொகுப்பு தானாகச் சட்டம் ஆகிவிடாது. மாநில அரசு தன் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அது கட்டடக்காரரைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இதோடு 1985ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டமும் உண்டு. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை தரும் தடையின்மைச் சான்று, தீயணைப்பு உரிமம் ஆகியவை இந்த வழியாக வருபவை.

உயரக் கணக்கில் பலரும் குழம்புகிறார்கள். தேசியத் தொகுப்பில் 15 மீட்டரைத் தொட்டாலே அது உயரமான கட்டடம். தமிழ்நாட்டு விதியிலோ 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அந்தப் பெயர். இடைப்பட்ட உயரத்தில் இருக்கும் கடைக்காரர் “எங்களுடையது உயரமான கட்டடம் அல்ல, எங்களுக்கு எதுவும் தேவையில்லை” என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். உயரம் மட்டும் கணக்கு அல்ல. கட்டடம் எதற்குப் பயன்படுகிறது, பரப்பு எவ்வளவு, எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் என்னென்ன கருவி வேண்டும் என்று முடிவாகிறது.

கருவிகளை எப்படிப் பொருத்த வேண்டும், எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதற்குத் தனி இந்தியத் தரநிலை இருக்கிறது: ஐ.எஸ். 2189. மணியின் ஓசை குறைந்தது 65 டெசிபெல் இருக்க வேண்டும். இடத்தின் வழக்கமான இரைச்சல் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த இரைச்சலையும் மிஞ்சி 5 டெசிபெல். ஹோட்டல் அறைபோல ஆட்கள் தூங்கும் இடமென்றால் தலைமாட்டில் 75. மின்சாரம் போனாலும் பேட்டரியில் இயங்க வேண்டும். இந்த எண்களைக் கடை ஊழியர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தையல் எந்திரங்கள் ஓடும் கூடத்தில் மணி கேட்கவில்லை என்றால் அது விதிமீறல் என்று தெரிந்திருந்தால் போதும்.

மணிக்கு இத்தனை கறார் ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டெல்லி உப்ஹார் திரையரங்கத்தின் கதையைத்தான். 1997 ஜூன் 13. தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி இருந்த மின்மாற்றியில் தீப்பிடித்தது. மேலே பால்கனியில் இருந்தவர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை, படம் ஓடிக்கொண்டிருந்தது. கூடுதல் இருக்கைகள் போட்டதில் வெளியேறும் வழியும் அடைபட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். அவர்கள் உயிரைக் குடித்தது புகை. 2011 டிசம்பரில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் பிடித்த தீயிலும் அதே கதைதான். விடியுமுன், நோயாளிகள் தூங்கும்போது, புகை மேல்மாடிகளுக்கு ஏறிவிட்டது. தீயைவிடப் புகை வேகமாக மாடி ஏறும். அந்தச் சில நிமிடங்களை நமக்கு மிச்சப்படுத்தித் தருவதற்குத்தான் மணி.

பழைய ஏற்பாடு எளிமையானது. காவலாளி கையால் அடிக்கும் மணி, கையால் சுழற்றும் சைரன். பிறகு மின்சார மணியும், அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலும் சுவரில் வந்தன. அந்தப் பேனலில் மாடிக்கு ஒரு விளக்கு. நான்காம் மாடி விளக்கு எரிந்தால் நான்காம் மாடியில் எங்கோ பிரச்சினை என்று தெரியும், எந்த அறை என்று தெரியாது. ஆள் ஓடிப் போய்த் தேட வேண்டும். இப்போது பெரிய கட்டடங்களில் பொருத்தும் பேனலில் ஒவ்வொரு ஸ்மோக் டிடெக்டருக்கும், அதாவது கூரையில் இருந்து புகையை உணரும் கருவிக்கும், தனி முகவரி உண்டு. ‘நான்காம் மாடி, கணக்குப் பிரிவு’ என்று திரையில் எழுத்தாகவே காட்டும். மணி அடிப்பதோடு குளிர்சாதனக் காற்றை நிறுத்தவும், லிஃப்டைத் தரைத்தளத்துக்கு இறக்கவும் அதனால் முடியும். புகையைக் குழாய் வழியே மாடி மாடியாகக் கொண்டுபோவது அந்தக் காற்றுதான் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

கருவி இவ்வளவு முன்னேறியும் கட்டடங்கள் ஊமையாக இருப்பதற்கு நான் கண்ட காரணம் உள் அலங்கார வேலை. காலியான கூடமாக இருக்கும்போது தீயணைப்புத் துறை ஆய்வு செய்து சான்று தருகிறது. ஆறு மாதம் கழித்து வாடகைக்கு வரும் நிறுவனம் கூரை வரை தடுப்புச் சுவர் எழுப்பி நான்கு அறை ஆக்குகிறது. இருந்த டிடெக்டர் ஓர் அறைக்குள் போய்விடுகிறது. மற்ற மூன்று அறைக்கும் ஒன்றுமில்லை. இன்னும் கொடுமை, வேலை நடக்கும்போது தூசி படாமலிருக்க டிடெக்டருக்கு மாட்டும் பிளாஸ்டிக் மூடி. வேலை முடிந்ததும் அதைக் கழற்ற வேண்டும். திறப்பு விழா முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் அந்த மூடியோடு இருக்கும் டிடெக்டர்களை நான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக் கட்டிய காவலாளி அது. இன்றே உங்கள் அலுவலகக் கூரையை ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது பேனல். பொய்யாக இரண்டு தடவை மணி அடித்தால் யாரோ ஒருவர் ஒலியை அணைத்துவிடுவார். அணைத்ததை அப்படியே விட்டுவிடுவார்கள். நல்ல நிலையில் இருக்கும் பேனலில் பச்சை விளக்கு மட்டும் எரியும். மஞ்சள் விளக்கு எரிந்தால் எங்கோ பழுது, அல்லது எதையோ அணைத்து வைத்திருக்கிறார்கள். பேனலைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை மணியை அடித்துச் சோதிக்க வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வாரச் சோதனை நடக்கும் இடத்தில் நீங்கள் வேலை செய்தால் அந்த ஓசை உங்களுக்குப் பழகியிருக்கும். ஒரு வருடமாக அங்கே இருந்தும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்றால் சோதனை நடக்கவில்லை என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் பொறுப்பு கட்டட உரிமையாளருக்கும் அதைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கும். பல கடைகள் சேர்ந்த வணிக வளாகத்தில் பொதுப் பேனல் யார் பொறுப்பு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஊழியரோ வாடகைதாரரோ முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கலாம்: தீயணைப்பு உரிமத்தின் நகல், அது எந்தத் தேதி வரை செல்லும், சோதனைப் பதிவேடு. பதில் வராவிட்டால் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு மனு கொடுக்கலாம். மனுவில் பொதுவாகப் புலம்ப வேண்டாம். கட்டடத்தின் முகவரி, எத்தனையாவது மாடி, எந்தப் பெட்டி மறைக்கப்பட்டிருக்கிறது, எந்த வழி பூட்டியிருக்கிறது என்று குறிப்பாக எழுதிப் புகைப்படம் இணையுங்கள். குறிப்பிட்ட கட்டடத்துக்கு உரிமம் கொடுக்கப்பட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.