காலைக் கட்டும் வைரஸ்: தென்னாப்பிரிக்காவில் உதவித்தொகை கேட்கும் முறை

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் உதவித்தொகைக்கு மனு எழுத என்னிடம் வந்திருந்தார். வாசலில் கழற்றிவிட்ட அவருடைய செருப்பு கண்ணில் பட்டது. இரண்டிலும் விரல் முனை தேய்ந்து கிழிந்திருந்தது. குதிகால் பக்கம் புதிது போல இருந்தது. காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்து நடப்பவர்களின் செருப்பு அப்படித்தான் தேயும். முதல் மனு தள்ளுபடியாகியிருந்தது. அதனோடு போன மருத்துவ அறிக்கையில் இடுப்பு வலி, கால் வலி என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எதுவும் இல்லை.

அவருக்கு இருப்பது எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸால் வரும் தண்டுவட நோய். இந்த வைரஸ் 1980-இல் கண்டறியப்பட்டது. கால் செயலிழப்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1985-இல் மார்ட்டினிக் தீவு நோயாளிகளிடம் கண்டார்கள். மறு வருடம் ஜப்பானிலும் அதையே சொன்னார்கள். எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்திலும் நரம்பியல் மருத்துவர்கள் எண்பதுகளிலிருந்தே இந்த நோயாளிகளைப் பார்த்து வருகிறார்கள். ஆனாலும் பெயர் சொன்னால் தெரிந்தவர்கள் குறைவு. தாய்ப்பால், உடலுறவு, இரத்தம் ஆகிய வழிகளில் பரவுகிறது. வைரஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே கால் பாதிக்கும். பெரும்பாலும் நடுவயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. வைரஸை ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. கால் விறைப்பைத் தளர்த்தும் மாத்திரையும் உடற்பயிற்சி சிகிச்சையும்தான் கைகொடுக்கின்றன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது எச்.ஐ.வி அல்ல. பெயர் அதைப் போல ஒலிப்பதால் பயந்து, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பரிசோதனைத் தாளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தாளை வெளியே எடுத்தால்தான் உரிமை கிடைக்கும்.

அந்த உரிமையின் பெயர் மாற்றுத்திறனாளி உதவித்தொகை. 2004-ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டத்தின்படி சமூகப் பாதுகாப்பு முகமையான சாசா இதை வழங்குகிறது. 18 முதல் 59 வயது வரை உள்ள குடிமக்கள், நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்கள், அங்கீகரிக்கப்பட்ட அகதிகள் கேட்கலாம். அறுபது ஆனதும் முதியோர் உதவித்தொகைக்கு மாற்றிவிடுவார்கள். வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருக்க வேண்டும். மணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவியின் வருமானத்தையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். 2025 ஏப்ரலில் மாதத் தொகை அதிகபட்சம் 2,310 ரேண்டாக இருந்தது.

சட்டத்தில் நோய்களின் பட்டியல் எதுவும் கிடையாது. உடல்நிலை காரணமாக உழைத்துப் பிழைக்க முடியுமா, முடியாதா என்பதுதான் கேள்வி. எச்.டி.எல்.வி என்று எழுதிக்கொண்டு போனால் மட்டும் பணம் வராது. அந்தப் பெயரே தெரியாத மருத்துவர் உங்களைப் பரிசோதித்தாலும் உரிமை போய்விடாது. ஆகையால் மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். எத்தனை படி ஏறினால் கால் நின்றுவிடுகிறது? பஸ்ஸில் ஏற யார் தூக்கிவிடுகிறார்கள்? எத்தனை முறை விழுந்தீர்கள்? இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியை நம் பெண்கள் விழுங்கிவிடுகிறார்கள். சிறுநீர் அடக்க முடியாமை இந்த நோயின் முக்கியமான அடையாளம். அந்த அக்கா தையல் தொழிற்சாலை வேலையை விட்டதற்குக் கால் மட்டும் காரணம் இல்லை. கழிவறைக்குப் போய்ச் சேரும் முன்பே புடவை நனைந்துவிடும். அதை முதல் முறை மருத்துவரிடம் அவர் சொல்லவே இல்லை. வெட்கத்தில் ஒரு வருட உதவித்தொகை போய்விட்டது.

மனுவை அருகிலுள்ள சாசா அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை, வருமானச் சான்று, மூன்று மாதத்துக்கு உட்பட்ட மருத்துவ அறிக்கை வேண்டும். நரம்பியல் மருத்துவர் எழுதிய கடிதமும் இரத்தம் அல்லது தண்டுவட நீர்ப் பரிசோதனை முடிவும் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். நடக்கவே முடியாதவர் தன் கடிதத்தோடு உறவினரை அனுப்பலாம். கட்டணம் ஒரு சென்ட்கூட இல்லை. பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கொடுக்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனு ஏற்கப்பட்டால், மனுக் கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள்.

தள்ளுபடியானால் காரணம் எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வந்த 90 நாட்களுக்குள் சமூக உதவி மேல்முறையீட்டுக்கான சுதந்திரத் தீர்ப்பாயத்துக்கு எழுதலாம். நாள் கடந்துவிட்டது என்று மனம் உடைய வேண்டாம், புதிய மருத்துவ அறிக்கையோடு புதிதாக மனுச் செய்யலாம். அக்கா அப்படித்தான் செய்தார்.

ஆறு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை நீடிக்கும் இயலாமைக்குத் தற்காலிகமாகத் தருவார்கள். அதற்கு மேல் என்றால் நிரந்தரம். இந்த நோய் மெல்ல மெல்லக் கூடுவது, தானாகத் திரும்பிப் போவதில்லை. அதை அறிக்கையில் எழுதும்படி மருத்துவரைக் கேளுங்கள். எழுதாவிட்டால் தற்காலிகத் தொகை முடிந்ததும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

இன்னும் இரண்டு உதவிகள் உண்டு, பலர் கேட்பதே இல்லை. எழுந்து உட்கார, குளிக்க, எப்போதும் ஒருவர் துணை தேவைப்பட்டால், உதவித்தொகை பெறுபவர் துணையாள் தொகைக்குத் தனியாக மனுச் செய்யலாம். 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ரேண்டாக இருந்தது. அரசு மருத்துவமனைகளில், தகுதி உள்ள மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையும் சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவையும் 2003 முதல் இலவசம். அக்காவுக்கு இப்போது நான்கு கால் ஊன்றுகோல் வந்திருக்கிறது. துணையாள் தொகைக்கான மனுவை அடுத்த வாரம் அவருடைய மகள் கொண்டுபோகிறாள்.