கந்தக வரவு: பெட்ரோல் விதிகளில் ‘கிரெடிட்’

பெட்ரோலில் கந்தகத்தைக் குறைக்கச் சொல்லும் அமெரிக்க விதிகளில் ‘சல்பர் கிரெடிட்’ என்றொரு சொல் வருகிறது. வரம்பைவிடக் கூடுதலாகக் கந்தகத்தைக் குறைத்த சுத்திகரிப்பு ஆலையின் கணக்கில் ஏறும் மதிப்பு அது. இதைக் ‘கந்தகக் கடன்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். கிரெடிட் வைத்திருக்கும் ஆலை யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. ‘சலுகை’யும் பொருந்தாது, அது ஆலை உழைத்து ஈட்டியது, அரசு இரங்கிக் கொடுத்ததன்று.

வண்டியின் புகைப்போக்கியில் நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியைக் கந்தகம் செயலிழக்கச் செய்கிறது. எவ்வளவு நல்ல மாற்றியைப் பொருத்தினாலும் எரிபொருள் சுத்தமில்லாவிட்டால் பயனில்லை. அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாகனப் புகைக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்தே விதி வகுத்தது. 2004 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த அந்த விதி, ஆண்டுச் சராசரிக் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 30 பங்காக (30 பிபிஎம்) வரையறுத்தது. 2017 முதல் அது 10 பிபிஎம் ஆயிற்று.

வரம்பு 30 ஆக இருந்தபோது ஓர் ஆலை 25 பிபிஎம் சராசரியில் 10 கோடி காலன் பெட்ரோல் உற்பத்தி செய்ததாகக் கொள்வோம். வித்தியாசம் 5. அதை 10 கோடியால் பெருக்கினால் 50 கோடி பிபிஎம் காலன். அவ்வளவும் அந்த ஆலையின் கணக்கில் ஏறும். வேறோர் ஆண்டில் சராசரி கூடிவிட்டால் அதிலிருந்து ஈடுகட்டலாம், அல்லது மற்றோர் ஆலைக்கு விற்கலாம். நம் கணக்கேடுகளில் பற்றுக்கு எதிரே நிற்கும் ‘வரவு’ இதுவேதான். ‘வரவு வைத்தல்’ என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ‘கந்தக வரவு’ என்பதே சரி.

வரவு ஈட்டும் தகுதி சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உண்டு. ஆலையை விட்டு வந்த பெட்ரோலில் எத்தனால் கலப்பவர்களுக்கு இல்லை. 30 பிபிஎம் வரம்பு வருமுன்பே கந்தகத்தைக் குறைத்த ஆலைகளும் ‘முன்வரவு’ பெற்றன. அதற்கு அளவுகோல், 1997, 1998 ஆண்டுகளில் அந்தந்த ஆலை காட்டிய சராசரி. முன்பே அழுக்காக இருந்த ஆலைக்கு இது சாதகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் குறைப்பைச் சீக்கிரம் தொடங்க வைக்க வேறு வழி எளிதில் கிடைத்திராது. வரவைக் கொண்டு சராசரியைத்தான் சரிக்கட்ட முடியும். ஒவ்வொரு காலனுக்கும் விதித்த 80 பிபிஎம் உச்சவரம்பை எவ்வளவு வரவு வைத்திருந்தாலும் மீற முடியாது.

‘கிரெடிட்’ என்பதன் மூலம், ‘நம்பு’ என்று பொருள்படும் ‘கிரெடெரெ’ என்ற லத்தீன் வினை. நம்பி ஒப்படைத்தது என்ற பொருளிலிருந்து கடனும் நன்மதிப்பும் கணக்கு வரவும் கிளைத்தன. ஆனால் இந்த விதியில் நம்பிக்கைக்கு இடமில்லை. விற்றவர் பொய்க்கணக்குக் காட்டியிருந்தால், நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் இருந்தாலும் அது ‘செல்லா வரவு’தான். வாங்கியவர் அதைக் கழித்துவிட்டுத் தம் கணக்கைத் திருத்தியாக வேண்டும்.