மணி வேறு, நேரம் வேறு

2017 ஜனவரி 1. இந்தியாவில் காலை ஐந்தரை, கிரீன்விச்சில் நள்ளிரவு. பூமியின் சுழற்சியோடு அணுக் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும் என்று அப்போது 'லீப் வினாடி' என்ற கூடுதல் வினாடி ஒன்று சேர்க்கப்பட்டது. அதே கணத்தில், இணையச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் (இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்பவை) சில தடுமாறின.

வேறு சர்வர்கள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று அவர்களுடைய நிரல் அளந்துகொண்டிருந்தது. கேள்வி போகும்போது மணியைக் குறித்துக்கொள்ளும், பதில் வந்ததும் மறுபடி குறித்துக்கொள்ளும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலோ லீப் வினாடி வந்தால் கடிகாரத்தை ஒரு வினாடி பின்னுக்குத் தள்ளிவிடும். 23:59:59.998க்குப் போன கேள்விக்கு ஐந்து மில்லிவினாடியில் பதில் வந்தால், அப்போது கடிகாரம் காட்டுவது 23:59:59.003. கழித்துப் பார்த்தால் மைனஸ் 995 மில்லிவினாடி! கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. இப்படி விளைந்த எதிர்ம எண், அதை ஏற்காத ஒரு ரேண்டம் எண் ஃபங்ஷனுக்குப் போய்ச் சேர, நிரல் விழுந்தது. 'பூஜ்யமா' என்று மட்டும் சோதித்த வரியை 'பூஜ்யமோ அதற்கும் குறைவோ' என்று மாற்றினார்கள். ஓர் எழுத்துத் திருத்தம்.

'மணி என்ன?' என்பது ஒரு கேள்வி. 'எவ்வளவு நேரம் ஆயிற்று?' என்பது வேறு கேள்வி. தமிழில் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. கர்னலும் குழப்பிக்கொள்வதில்லை: முதல் கேள்விக்கு ரியல்டைம் கடிகாரம், இரண்டாவதற்குப் பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரம். நிரல் எழுதுகிறவர்தான் ஆள் மாற்றிக் கேட்டுவிடுகிறார்.

உள்ளே இவை இரண்டு தனித்தனி இயந்திரங்கள் அல்ல. இன்றைய பெரும்பாலான கணினிகளில் பிராசசருக்குள் டிஎஸ்சி என்றொரு எண்ணி மாறாத வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது. கர்னல் அதைப் படித்து, கடைசியாகப் பதிந்து வைத்த அளவைக் கழித்து, மிச்சத்தை ஓர் எண்ணால் பெருக்கி, பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தும். கிடைப்பது நானோவினாடி. பிட்டுகளை நகர்த்துவது வகுப்பதற்கு ஈடு; நேரடியாக வகுப்பது மெதுவான வேலை என்பதால் இந்தக் குறுக்குவழி. இப்படிச் சேர்ந்துகொண்டே போவதுதான் மோனோடானிக் நேரம். அதோடு ஆஃப்செட் எனப்படும் ஒரு வித்தியாசத்தைக் கூட்டினால் நாம் திரையில் பார்க்கும் மணி. யாராவது மணியைத் திருத்தினாலும் லீப் வினாடி வந்தாலும் மாறுவது அந்த ஆஃப்செட் மட்டுமே. அடியில் ஓடுவதை யாரும் பின்னுக்கு இழுப்பதில்லை.

ஆனால் அந்த உத்தரவாதத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். 'குறையாது' என்பதே வாக்கு. 'கூடிக்கொண்டே இருக்கும்' என்பதல்ல. அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே எண் இரண்டு முறை வரலாம். வினாடியின் நீளமும் சற்றே மாறும்: எண்ணியை ஓட்டும் குவார்ட்ஸ் படிகத்தின் பிசகைச் சரிக்கட்ட, பிணையம் வழியாக மணியைச் சரிபார்க்கும் என்டிபி அந்தப் பெருக்கும் எண்ணை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும். எண்ணியையும் கர்னல் கண்மூடி நம்புவதில்லை. அதன்மீது சந்தேகம் இருந்தால் அரை வினாடிக்கு ஒருமுறை இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் நம்பத்தகாதது என்று ஒதுக்கிவிடும்.

மடிக்கணினியை மூடி வைத்தால் என்ன ஆகும்? அது உறங்கும் நேரம் லினக்ஸின் மோனோடானிக் கணக்கில் சேராது. சேர்த்துச் சொல்வதற்கென்றே பூட்டைம் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இரண்டு எதற்கு, ஒன்றாக்கிவிடலாமே என்று 2018இல் லினக்ஸ் கர்னலின் 4.17ஆம் பதிப்புக்காக ஒரு முயற்சி நடந்தது. பதிப்பு வெளிவருமுன்பே அதைத் திரும்பப் பெற்றார்கள். உறங்கிய நேரமும் கணக்கில் சேர்ந்துவிட்டதால், கணினி விழித்தெழுந்ததும், பின்னணிச் சேவைகளை மேற்பார்க்கும் சிஸ்டம்டி என்ற நிரல் தன் பொறுப்பில் இருந்த சேவைகளைப் பார்த்து, இத்தனை நேரமாகச் சத்தமே இல்லையே, செயலிழந்துவிட்டன போலும் என்று முடிவுகட்டி, நல்ல நிலையில் இருந்தவற்றையே கொன்றுகொண்டிருந்தது.