கை அசைவதற்கு முன் மூளையில் நடப்பது

காரணம் எதுவும் வேண்டாம். தோன்றும்போது மணிக்கட்டை ஒருமுறை மடக்க வேண்டும். 1983இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்களின் வேலை இவ்வளவே. எதிரே 2.56 விநாடிக்கு ஒருமுறை வட்டமடிக்கும் ஒளிப்புள்ளி. மடக்கும் எண்ணம் எழுந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். மூளையின் மின்மாற்றத்தையும் கை அசையும் கணத்தையும் பதிவுசெய்ய உச்சந்தலையிலும் கைத்தசையிலும் மின்முனைகள்.

எண்ணம் எழுந்ததாக அவர்கள் சொன்ன நேரம், அசைவுக்குச் சுமார் 200 மில்லிவிநாடி முன்பு. மூளையின் மின்னழுத்தமோ, முன்திட்டமிடாத அசைவுகளில்கூடச் சுமார் 550 மில்லிவிநாடி முன்பே மெல்ல மாறத் தொடங்கியிருந்தது. இந்த 'ஆயத்த மின்னழுத்த'த்தை 1965இலேயே ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் விவரித்திருந்தார்கள். மூளை முந்திக்கொள்கிறது, சுயவிருப்பம் மாயை என்ற வாதத்துக்கு லிபெட்டின் எண்கள் பெரிய ஆதாரமாயின.

அந்த முடிவு அவசரமானது. ஒற்றை அசைவின் பதிவில் இந்த அலை, மற்ற மின்சலனங்களின் இரைச்சலில் மூழ்கிக் கிடக்கும். ஆகவே 40 அசைவுகளின் பதிவுகளை, கை அசைந்த கணத்தை ஒரே கோட்டில் நிறுத்தி, பின்னோக்கிச் சராசரி எடுப்பார்கள். அசைவில் முடியாத ஏற்ற இறக்கங்கள் அந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை. மூளைச் செயல்பாடு தற்செயலாக ஏறி இறங்குகிறது, ஒரு வரம்பைத் தாண்டினால் கை அசைகிறது என்று மட்டும் கொண்டு 2012இல் ஆரன் ஷுர்கரும் சக ஆய்வாளர்களும் கணினி மாதிரி ஒன்றை ஓட்டினார்கள். தாண்டிய தருணங்களைப் பொறுக்கிச் சராசரி எடுத்ததும், முன்முடிவு ஏதுமின்றியே அதே வளைவு கிடைத்தது. கரை தாண்டிய அலைகளை மட்டும் எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தால், கடல் திட்டமிட்டுப் பொங்கியதுபோலத்தான் தெரியும்.

அந்த 200 மில்லிவிநாடியும் உறுதியானதல்ல. பொத்தானை அழுத்தியபின் வரும் பீப் ஒலியைச் சில பத்து மில்லிவிநாடி தாமதப்படுத்தினாலே, எண்ணம் எழுந்ததாக மக்கள் சொல்லும் நேரமும் தள்ளிப்போகிறது என்று 2009இல் பேங்க்ஸும் ஈஷமும் காட்டினார்கள். ஆக, 'இப்போது முடிவெடுத்தேன்' என்பதில் ஒரு பகுதியாவது செயலுக்குப் பின் ஊகித்தது.

இவை எல்லாம் காரணமற்ற அசைவுகள். காரணம் இருந்தால்? 2019இல் ஊரி மாவோஸ் குழு, இரண்டு தொண்டு நிறுவனங்களில் எதற்கு 1,000 டாலர் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. எதை அழுத்தினாலும் இரண்டுக்கும் 500 டாலர் என்ற சுற்றில் ஆயத்த மின்னழுத்தம் தெளிவாகத் தெரிந்தது. தேர்வு உண்மையாகவே பணத்தைத் தீர்மானித்த சுற்றில், அது இல்லை அல்லது மிகவும் மங்கலாக இருந்தது.