மூச்சுவிட மேலே வரும் மீன், அதை எண்ணத் தெரிந்தவர்கள்

அமேசான் ஏரிகளில் வாழும் 'பிராருக்கு' என்பது 3 மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் எட்டக்கூடிய மீன். நம்மூர் வண்ணமீன் கடைகளில் அரபைமா என்ற பெயரில் குஞ்சாக விற்கிறார்களே, அதுதான். செவுள் இருந்தும் அதை மட்டும் நம்பி இந்த மீனால் பிழைக்க முடியாது. அதன் காற்றுப்பை நுரையீரலின் வேலையைச் செய்கிறது. அதனால் 5 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆகவேண்டும். நம் விராலைப் போலவே ஆண் மீன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நீர்மட்டத்தருகே திரியும்.

ஈட்டி எறிபவருக்கு இதைவிட வசதியான இரை கிடையாது. எங்கே எழும் என்று காத்திருந்தால் போதும். பின்னால் வலைகளும் வந்து சேர்ந்ததில், பிராருக்கு பல ஏரிகளில் காணாமலே போனது. பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் 1996இல் வணிகப் பிடிப்புக்குத் தடை விதித்தார்கள். ஆயிரக்கணக்கான ஏரிகள், விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள். தடை காகிதத்தில் இருந்தது, மீன் சந்தையில் இருந்தது.

மாற்றம் தொடங்கியது 1999இல், அதே மாநிலத்தின் மாமிராவா காப்பகத்தில். 11 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்த, ஆண்டுதோறும் ஆற்று வெள்ளம் ஏறும் காடு அது. அங்கே ஆற்றோர மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு ஏற்பாட்டை உருவாக்கினார்கள்: ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று ஊரார் எண்ணிக் காட்டினால், அதில் ஒரு பங்கைச் சட்டப்படி பிடிக்க அரசு அனுமதி தரும். எந்த மூச்சு அந்த மீனைக் காட்டிக்கொடுத்ததோ, அதையே கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தினார்கள்.

எண்ணும் முறை இது. ஆற்றில் நீர் வற்றி, மீன்கள் ஏரிக்குள் அடங்கியிருக்கும் மாதங்களில் செய்ய வேண்டும். ஏரியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர் என்று ஒதுக்குவார்கள். அனைவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, 20 நிமிடம் அசையாமல் தோணியில் இருந்து, தம் பகுதியில் எழும் மீன்களை இரண்டு கணக்காகக் குறிப்பார்கள்: 1.5 மீட்டருக்கு மேற்பட்டவை, 1 முதல் 1.5 மீட்டர் வரையுள்ளவை. அதைவிடச் சிறியவை கணக்கில் வராது. நேரம் முடிந்ததும் அடுத்த பகுதிக்கு நகர வேண்டும். தாமதித்தால் எண்ணிய மீனே அங்கும் வந்து நிற்கும்.

20 நிமிடத்தில் ஒரே மீன் இரண்டு மூன்று முறை எழும் அல்லவா? திறமை தேவைப்படுவது அங்கேதான். எழும்போது முதுகு எவ்வளவு தெரிந்தது, வால் எப்படிச் சுழன்றது, எந்தத் திசையில் போனது, காற்றை விழுங்கும் ஓசை எவ்வளவு கனமாக இருந்தது என்பவற்றை வைத்து, இது முன்பே எண்ணியதா, புதியதா என்று பழகிய மீனவர் பிரித்துவிடுவார். நம்பாதவர்களுக்காகச் சோதித்தும் பார்த்தார்கள். மீன்வள ஆய்வாளர் லியாண்ட்ரோ காஸ்டெல்லோ 2004இல் வெளியிட்ட ஆய்வில், மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு மறுபடி பிடித்துக் கணிக்கும் முறையோடு மீனவர்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டார். இரண்டும் மிக நெருங்கியே வந்தன. செலவிலும் நேரத்திலும் மீனவர் முறை பன்மடங்கு மலிவு. ஆனால் எல்லோருக்கும் இது கைவராது. காற்று அடித்தாலும், மழை பெய்தாலும், மிதக்கும் புல் அடர்ந்திருந்தாலும் கணக்கு தவறும். பேச்சுச் சத்தம் கேட்டால் மீன் சத்தமின்றி எழப் பழகிவிடும்.

கணக்கு அரசின் சுற்றுச்சூழல் துறையான இபாமாவுக்குப் போகும். பெரிய மீன்களில் அதிகபட்சம் 30 சதவீதத்துக்கு அனுமதி. 200 பெரிய மீன் இருந்தால் 60 பிடிக்கலாம். டிசம்பர் 1 முதல் மே 31 வரை இனப்பெருக்கக் காலம், வலை இறக்கக் கூடாது. 1.5 மீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது. இந்த மீன் முதிர்ச்சி அடைவது ஏறக்குறைய 1.6 மீட்டரில் என்பதால் இந்த அளவு சற்றுத் தாராளமானதுதான்; அதனால் வலைக்கண்ணைப் பெரிதாக வைத்துக்கொள்வது நல்லது.

காவல் இல்லாவிட்டால் இதெல்லாம் வீண். வெள்ளச் சமவெளி ஏரிகளுக்கு வறட்சிக் காலத்தில் பெரும்பாலும் ஒரே வாய்க்கால்தான் வழி. அதன் முகப்பில் மிதவை வீடு கட்டி, குடும்பங்கள் முறைவைத்துத் தங்கும். சில ஏரிகளை முழுவதும் இனப்பெருக்கத்துக்கு விட்டுவிட்டு, சிலவற்றை வீட்டுச் சாப்பாட்டுக்கும், சிலவற்றை விற்பனைக்கும் ஒதுக்குவார்கள். ஜுருவா ஆற்றோரம் 83 ஏரிகளில் நடந்த ஆய்வு (2016) இதன் பலனைக் காட்டுகிறது: காவல் உள்ள ஏரியில் சராசரியாக 305 பிராருக்கு, யாரும் வரலாம் என்ற ஏரியில் 9.

மீனுக்கான இந்தக் காவல் சுற்றியுள்ள காட்டுக்கும் உதவுகிறது. இரண்டையும் இணைப்பது வெள்ளமும் அந்த வாய்க்காலும்தான். மாமிராவாவில் ஆண்டு வெள்ளம் 10 மீட்டருக்கு மேல் உயரும். அப்போது மரங்களுக்கிடையே மீன்கள் மேயும். தம்பாக்கி போன்றவை உதிரும் காய்களைத் தின்று விதைகளைப் பரப்பும். மரம் கடத்துபவர்களும் வெட்டிய கட்டைகளை அதே வெள்ளத்தில் மிதக்கவிட்டுத்தான் வெளியே கொண்டுபோவார்கள். ஏரியில் காவல் இருந்தால் கட்டைக்கும் ஆமைத் திருட்டுக்கும் சேர்த்தே கண் இருக்கும். வெள்ளம் ஏறாத மேட்டுக்காட்டுக்கு இந்த முறை உதவாது என்பதையும் சொல்ல வேண்டும்.

தப்பௌவா ஆற்றின் பௌமாரி பழங்குடியினர் தங்கள் நிலத்தில் இதைத் தொடங்கியபோது, சில ஆண்டுகள் பிராருக்கு பிடிப்பதையே நிறுத்திவைத்தார்கள். முதல் அனுமதிப் பிடிப்பு 2013இல்தான். அந்த இடைக்காலம்தான் கடினமானது: காவலுக்குப் பெட்ரோல் செலவு உண்டு, வருமானம் இல்லை. பல ஊர்கள் கைவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். வெளியிலிருந்து வரும் உதவி பயிற்சி வகுப்புக்குப் போவதைவிட இந்த ஆண்டுகளின் எரிபொருளுக்குப் போனால் அதிகப் பயன் தரும்.

பிடித்த பின்னும் வேலை கூடுதல். ஒவ்வொரு மீனையும் உடனே குடல் நீக்கி, அளந்து, எடை, பால் குறித்து, எண்ணிட்ட முத்திரை மாட்டி ஐஸில் வைக்க வேண்டும். இந்த வேலையில் பெண்களுக்கு நேரடிப் பங்கும் பணமும் கிடைக்கிறது. முத்திரைதான் சட்டப்படி பிடித்த மீனுக்குச் சான்று. ஆனால் காவல் செலவு எதுவும் இல்லாத திருட்டு மீன் அதே சந்தையில் மலிவாக வந்து விலையை இறக்கிவிடுகிறது. இடைத்தரகரைத் தவிர்க்கக் கரௌவாரி ஊரின் உற்பத்தியாளர் சங்கமான அஸ்ப்ரோக் பல ஊர்களின் மீனையும் சேர்த்து, பொதுவான ஒரு வணிகப் பெயரில் பெருநகர உணவகங்களுக்கு விற்கிறது. தோலும் காலணிக்குப் போகிறது.

காவல் ஆபத்தான வேலையும்கூட. ஜாவாரி பள்ளத்தாக்கில் பழங்குடிக் காவல் குழுக்களோடு பணியாற்றிய புரூனோ பெரெய்ராவும் பத்திரிகையாளர் டாம் ஃபிலிப்ஸும் 2022 ஜூனில் கொல்லப்பட்டார்கள். கைதானவர்கள் சட்டவிரோத மீன்பிடிப்பில் ஈடுபட்டவர்கள்.

இப்போது புதிய சிக்கல் வறட்சி. 2023இல் டெஃபே ஏரியின் நீர் 39 டிகிரியைத் தாண்டிச் சூடாகி, ஓங்கில்கள் (டால்பின்கள்) கூட்டமாகச் செத்தன. பிடிப்புக்கான மாதங்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஆறு மிகவும் வற்றுவதும் அதே மாதங்களில். ஏரியில் மீன் நிறைந்திருந்தாலும் ஐஸ் ஏற்றிய படகு வாய்க்காலுக்குள் வர முடியாது. காலக்கெடுவை அரசு நீட்டித்தாலொழிய, அந்த ஆண்டுக் காவலுக்கான செலவு முழுவதும் ஊரார் தலையில்தான்.