ரேடியோவில் ராணுவச் சங்கேதம் கேட்டால் குற்றமா? சட்டம் சொல்வது என்ன

நம் குமரிக் கடற்கரையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீடுகள் ஏராளம். ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலத்தைப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த லைசென்ஸ் 1980களில் ஒழிந்தது. பொதுமக்களுக்காக ஒலிபரப்பாகும் எதையும் இன்று தாராளமாகக் கேட்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை என்ற முறையில் வரும் பேச்சைத் தெளிவாகக் கேட்க உதவுவது) வசதியுள்ள ரேடியோ வாங்கிய பையன்கள் இரவில் 8992, 11175 கிலோஹெர்ட்ஸ் பக்கம் திருப்புகிறார்கள். அமெரிக்க விமானப்படையின் அலைவரிசைகள் அவை. "ஆல்ஃபா, பிராவோ" என்று ஒரு குரல் எழுத்தும் எண்ணுமாக அடுக்கிக்கொண்டே போகும். சாதாரண ரேடியோவில் அதே குரல் வாத்து கத்துவதுபோலக் கேட்கும். அந்த வலைப்பின்னலில் ஒரு நிலையம் டியேகோ கார்சியா தீவில் உள்ளது. கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,800 கிலோமீட்டர்தான். உலகம் முழுவதும் இதைக் கேட்டுக் குறித்துவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆர்வம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் நம் நாட்டில் அதற்கு எல்லை உண்டு.

பொதுமக்களுக்காக அல்லாத வானொலித் தகவலை அனுமதியின்றி இடைமறிப்பதையும் வெளியிடுவதையும் உறுப்பு நாடுகள் தடுக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி. நம் தொலைத்தொடர்புச் சட்டம் 2023, பிரிவு 42, ஒரு செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளது.

அதைவிடக் கடுமையானது 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம். நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் நோக்கத்தோடு ரகசியச் சங்கேதத்தைச் சேகரிப்பது, பதிவு செய்வது, பிறருக்குத் தெரிவிப்பது எல்லாமே அதன் 3ஆம் பிரிவில் குற்றம். தண்டனை 14 ஆண்டு வரை போகலாம். உங்களுக்குக் கெட்ட நோக்கம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் நம் கடற்படை, கடலோரக் காவல்படை பேச்சைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்ட பிறகு அதை விளக்குவது லேசான காரியமில்லை. டியூன் செய்யும்போது தற்செயலாகக் காதில் விழுந்தால் கடந்துபோங்கள். குறிக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம்.

இன்னொன்று. பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகக் குறைந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்பும் இடம் அது. அந்த அலைகள் கடல் நீருக்குள் சில மீட்டராவது இறங்கும். ராணுவ வயர்லெஸ் நிலையங்கள் தடைசெய்யப்பட்ட இடங்கள் என்பதால், கோபுரம் நன்றாக இருக்கிறதே என்று போய்ப் படம் எடுக்காதீர்கள்.

சரி, ரேடியோ ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். 1978ஆம் ஆண்டு விதிகளின்படி ஹாம் லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசவும் கேட்கவும் அரசு தரும் உரிமம், எடுங்கள். 12 வயது நிரம்பினால் போதும். ரேடியோத் தொழில்நுட்பத்திலும் விதிமுறைகளிலும் தேர்வு வைப்பார்கள். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக எழுத்தை அனுப்பும் முறை) தேவையில்லை, அழைப்புக்குறி வி.யு.3 என்று தொடங்கும். ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும், குறி வி.யு.2. லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பும் கருவியை வாங்கிவைப்பதே குற்றம் என்பதால், தேர்வு முதலில், செட் அப்புறம்.

ஹாம் அலைவரிசையில் சங்கேதத்தில் பேசக் கூடாது, வெளிப்படையான மொழிதான். மோர்ஸுக்குத் தடையில்லை, அது யாரும் படித்துக்கொள்ளக்கூடிய எழுத்து. எண்ணும் எழுத்தும் கேட்டு மயங்கிய பையனுக்கு அங்கே வேண்டிய அளவு தீனி கிடைக்கும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ஒக்கி. 2017 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் தாக்கியபோது நம் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். படகிலிருந்த வி.எச்.எஃப். வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது, எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஹாம்காரர்களின் ஷார்ட்வேவ் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டும். இயற்கைப் பேரிடரில் பிறருக்கான செய்தியைக் கடத்தவும் விதி இடம் தருகிறது. தூத்தூரிலும் குளச்சலிலும் தெருவுக்கு ஒருவராவது இந்த லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மத்திய அரசின் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.