நிணநீர்: கொழுப்பா, தண்ணீரா?

காலில் புண் வந்து, இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெல்லிக்காய் போல ஒன்று தட்டுப்பட்டால் பாட்டிமார் சொல்வது: "நெறி கட்டியிருக்கு. புண்ணு ஆறினா அதுவும் வத்திடும்." அதே ஆளைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனால் "கிளாண்ட் வீங்கியிருக்கு" என்பார்கள். அறிவியல் தமிழில் அது நிணநீர்க் கணு. உடற்கூறு படிக்காமலே, கால் புண்ணுக்கும் இடுப்புக்குக் கீழே வரும் கட்டிக்கும் வழி ஒன்று உண்டு என்று அந்தப் பழைய பேச்சு தெரிந்து வைத்திருந்தது.

அந்த வழிதான் நிணநீர் மண்டலம். இலங்கைப் பாடநூல்களில் நிணநீர்த் தொகுதி. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் ஓயாமல் கசிந்து திசுக்களுக்குள் போகிறது. பெரும்பகுதி அங்கேயே திரும்பிவிடும். மிஞ்சுவதுதான் நிணநீர். அதை, நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை, நிணநீர்க் குழாய்கள் வாரியெடுத்துக் கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இதற்கென்று தனி இதயம் கிடையாது. குழாய்ச் சுவர்கள் தாமே சுருங்குவதும், நாம் நடப்பதும் மூச்சு விடுவதும்தான் அதை நகர்த்துகின்றன. வழியில் உள்ள நூற்றுக்கணக்கான கணுக்கள் கிருமிகளைப் பிடித்து வைக்கும். அங்கே வெள்ளணுக்கள் பெருகும்போதுதான் நெறி கட்டுகிறது.

நிணநீருக்கு ஆங்கிலத்தில் 'லிம்ஃப்' (lymph). அந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீன் 'லிம்ஃபா': தெளிந்த நீர். கிரேக்கத்தின் நீர்த்தேவதையான 'நிம்ஃபே'யின் சாயலும் அதில் ஏறியிருப்பதாகச் சொல்வார்கள். 1653இல் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலின் இந்தக் குழாய்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். முதலில் கண்டது யார் என்று அவருக்கும் சுவீடனின் ஓலோஃப் ருட்பெக்குக்கும் பெரிய சண்டை.

தமிழ் தெளிந்த நீரை விட்டுவிட்டு நிணத்தைப் பிடித்தது. நிணம் என்றால் கொழுப்பு. சங்கப் பாடல்களில் விருந்துச் சோற்றிலும் போர்க்களத்திலும் அது வரும். கையில் ஊறும் நிணநீரில் கொழுப்பு அவ்வளவாக இல்லையே, பெயர் பொருந்தவில்லையே என்று தோன்றலாம். குடலுக்குப் போனால் பொருந்தும். சாப்பாட்டில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி நேரே இரத்தத்துக்குப் போவதில்லை, நிணநீர் வழியாகத்தான் ஏறுகிறது. அப்போது அது பால் போல வெளுத்திருக்கும். 1622இல் இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, தின்று முடித்த நாயின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது கண்ட வெள்ளை இழைகள் இவைதான். ஆக, நிணநீர் தவறான பெயர் இல்லை.

இங்கே சிங்கப்பூரில் உள்ள மற்ற மொழிகள் ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டன. மலாயில் லிம்ஃபா, சீனத்தில் லின்பா. ஒரு வேடிக்கை, மலாயில் 'லிம்பா' என்றால் மண்ணீரல்! அதுவும் இந்த மண்டலத்தைச் சேர்ந்த உறுப்புதான், ஆனால் ஒலி ஒத்துப்போனது தற்செயல் என்றே நினைக்கிறேன்.

'நிணநீர்ச் சுரப்பி' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. தைராய்டு சுரக்கும், உமிழ்நீர்ச் சுரப்பி சுரக்கும். இது எதையும் சுரப்பதில்லை, வடிகட்டுகிறது. கணு என்றோ முடிச்சு என்றோ எழுதலாம். பேச்சில் நெறி போதும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் வற்றாமல் நிற்கிற, வலியில்லாமல் கல்லாக இருக்கிற கட்டியை நெறி என்று விட்டுவிடக்கூடாது. சிங்கப்பூரில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பல நேரம் கழுத்துக் கட்டியாகத்தான் முதலில் தெரியவருகிறது.

அப்புறம் 'நிணநீர் மசாஜ்'. கடைகளில் நச்சை வெளியேற்றும் என்று விற்கிறார்கள். நல்ல உடம்புக்கு அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். உண்மையில் இது தேவைப்படுவது, மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் கணுக்களை எடுத்தபின் கை வீங்குகிறவர்களுக்கு. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் மென்மையாக நீவிவிட்டு, இறுக்கமான கட்டும் போடுவார். அந்தக் கை வீக்கத்தின் பெயர் நிணநீர் வீக்கம். வீட்டில் 'நீர் கோத்துக்கிச்சு' என்று சொல்லிவிடுவோம். சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ வரும் வீக்கத்துக்கும் அதே பேச்சுதான். ஆனால் அங்கே கொடுக்கிற நீர் பிரியும் மாத்திரை இங்கே பெரிதாக உதவாது, ஏனென்றால் தேங்கியிருப்பது புரதம் நிறைந்த நிணநீர்.